மீசை இல்லாத பக்கி

சரக்கைப் பார்க்காமல், மேலே கட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு விலை சொல்கிறவனை எங்கள் கடைத்தெருவில் ஒரு பொழுதுகூட நிற்க விடமாட்டார்கள். பட்டணத்துக் காலேஜில் அப்படிப்பட்டவருக்கு லெக்சரர் என்று பேர் கொடுத்து, தலைக்கு மேல் மின்விசிறியும் மாட்டிக் கொடுக்கிறார்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பீர்கள். வயிற்றெரிச்சல்தான். காரணத்தையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நடந்தது 1968இல். திருத்தணி மலையில் முருகனுக்கு இறக்குகிற முடியை ஏலத்தில் எடுத்து, தரம் பிரித்து, கட்டுக் கட்டி மெட்ராசுக்கு அனுப்புவது எங்கள் நைனாவின் தொழில். ஸ்டேஷன் ரோட்டில் கிடங்கு. எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முடி பிரிப்பார்கள். நீளம் ஒரு தரம், நடுத்தரம் ஒன்று, குட்டை ஒன்று. அதற்குள் சுருட்டை வேறு, நரை வேறு. வேர்ப் பக்கமும் நுனிப் பக்கமும் கலந்துவிட்டால் சிக்குப் பிடித்து மொத்தக் கட்டும் வீண். இவர்களுக்கு மேஸ்திரி கன்னியம்மாள். கிடங்குச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். ஒரு முடியை விரலிடுக்கில் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டே எது வேர், எது நுனி என்று சொல்வாள். பிறந்ததிலிருந்து யாரையும் நம்பாத என் நைனா, கன்னியம்மாளின் விரலை மட்டும் நம்பினார்.

அவள் தம்பி பங்காரு. கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் கரட்டுக் குன்றுகளில் கண்ணி வைத்துக் காடை, கவுதாரி பிடித்து விற்பான். முப்பது வயது தாண்டியும் நிலையான பிழைப்பு கிடையாது. மழை வந்தால் பட்டினி, வெயில் வந்தால் அக்காள் வீட்டுச் சோறு. அதைச் சாப்பிடும்போது அவன் தலையை நிமிர்த்த மாட்டான்.

இவனைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார் லெக்சரர் பரந்தாமன். மெட்ராசில் ஏதோ ஒரு தனியார் காலேஜ். சனிக்கிழமை தவறாமல் பாசஞ்சரில் வந்து இறங்குவார். அவருக்கு வேண்டியது பக்கி. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தப் பேரை ஒருத்தரை ஒருத்தர் திட்டத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பறவை இருப்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாததில் தப்பும் இல்லை. பொழுது சாய்ந்தால்தான் அது பறக்கும். பகலெல்லாம் சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். காலடிக்கு ஒரு முழம் இருக்கும்போது எழும்பிப் போனால்தான் இத்தனை நேரம் அங்கே உயிர் ஒன்று கிடந்தது என்று தெரியும்.

பரந்தாமன் முதல் நாள் எங்கள் கிடங்கு வாசலில் நின்று அதற்கு ஒரு லத்தீன் பேர் சொன்னார். அர்த்தம் கேட்டேன். ஆட்டுப்பால் குடிப்பது என்றார்.

"அது எந்த ஆட்டுல வந்து குடிச்சிது சார்?" என்றான் பங்காரு. "பூச்சி தின்ற ஜென்மம். பல்லு இல்ல, ஒதடு இல்ல."

"பழைய காலத்து வெள்ளைக்காரங்க அப்படி நம்பினாங்க."

"நம்ம ஊரு கோனாருங்க ஒருத்தனும் கம்ப்ளைண்ட் குடுக்கலியே! பேரை மாத்தச் சொல்லுங்க."

பரந்தாமன் சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன். பறவைக்கே வீண் பழி போட்டுப் பேர் வைத்தவர்களின் வழியில் வந்தவர், மனிதன்மேல் போட எவ்வளவு நேரமாகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பங்காரு பகல் வெயிலில் கரட்டில் நடந்து, சருகுக்குள் கிடக்கிற பக்கியைக் கண்ணால் பிடித்து, வட்ட வலை வீசுவான். எங்கள் மலையில் மூன்று வகை என்றான். சின்னது ஒன்று: பாறையில் கூழாங்கல்லை விட்டெறிந்தால் தத்தித் தத்தி ஓடி ஓய்கிற மாதிரி சத்தம் போடும். இன்னொன்று, தூரத்தில் யாரோ விறகு வெட்டுகிற மாதிரி. மூன்றாவது விசில் அடிப்பது போல ஒரே இழுப்பு. உடம்பைப் பார்த்தால் மூன்றும் ஒரே சருகு. பரந்தாமன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இறகு இறகாக எண்ணி அரை நாளில் கண்டுபிடிப்பதை, இவன் பிடித்த இடத்தைச் சொல்லியே பிரித்து வைத்துவிடுவான். அவர் அதை நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொள்வார்.

"பங்காரு, காலேஜ் மியூசியத்துல அட்டெண்டர் போஸ்ட் ஒண்ணு வருது. பர்மனெண்ட். இந்த வேலையை முடிச்சுக் கொடு, அது உனக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக பங்காரு கண்ணி வைப்பதை விட்டான். மியூசியத்தில் வைப்பதற்காகப் பக்கியைத் தோலுரித்து, மருந்து தடவி, உள்ளே அடைத்துத் தைக்கப் பழகினான். பத்தொன்பது பக்கி. எங்கள் கிடங்கு ஈரமில்லாத இடம் என்று பெட்டியோடு அங்கேயே வைத்தார்கள். கால்களில் சீட்டு எழுதிக் கட்டியது பரந்தாமன். அது அவர் வேலை, படித்தவர் வேலை.

ஆடி மாதம் பேப்பரில் மூலையில் ஒரு செய்தி வந்தது. திருத்தணி மலையில் காதுப் பக்கி கண்டுபிடிப்பு. பேராசிரியர் பரந்தாமன் சாதனை. அதற்குள் பேராசிரியர் ஆகிவிட்டார். காதுப் பக்கி என்பது மேற்கே மழைக்காடுகளில் இருக்கிற பெரிய சாதி. தலையில் இரண்டு பக்கமும் காது மாதிரி இறகு நிற்கும். வறண்ட எங்கள் கரட்டில் அது கிடைத்தால் பெரிய விசேஷமாம்.

ஆவணி பிறந்ததும் பங்காரு பேருக்கு காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிடங்கில் வைத்து நான்தான் படித்துச் சொன்னேன். அந்தப் பறவை திருத்தணியில் பிடித்ததாக இருக்க முடியாது என்று டாக்டர் வேதாசலம் என்கிற பெரிய பறவை நிபுணர் சந்தேகம் எழுப்பியிருக்கிறார். வேறெங்கோ வாங்கிய பறவையைத் திருத்தணிப் பறவை என்று சொல்லி பங்காரு ஏமாற்றியதாக லெக்சரர் விளக்கம் கொடுத்திருக்கிறார். ஆகையால் அட்டெண்டர் வேலைக்கு அவன் பேர் நீக்கப்படுகிறது. இனிமேல் அவன் காலேஜ் வளாகத்துக்குள் நுழையக் கூடாது.

"இன்னொரு தபா படிங்க" என்றான் பங்காரு.

படித்தேன்.

"நான் அந்தப் பெருசைப் புடிக்கவே இல்லீங்களே" என்றான். "அவருதான் பெட்டியில இருந்து எடுத்து, 'இது எப்ப புடிச்சே?'ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலியேன்னேன். 'மறந்துட்டே'ன்னு சொல்லி எழுதிகினாரு."

கன்னியம்மாள் கையிலிருந்த கற்றையைக் கீழே வைத்தாள். "எழுதும்போது பார்த்துகினு சும்மா நின்னியா?"

"சார் எழுதறாரு அக்கா. நான் இன்னா சொல்றது?"

நான் கொதித்தேன். அதே சாயங்காலம் வேதாசலத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். மரியாதையான கடிதம் என்று சொல்ல மாட்டேன். 'சந்தேகப்பட்டவரே வந்து சரக்கைப் பாருங்கள். மெட்ராசில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சோற்றில் மண் போடாதீர்கள்' என்று எழுதினேன். அடுத்த புதன்கிழமை காலை பாசஞ்சரில் மனிதர் வந்தே விட்டார். பரந்தாமனையும் கூட்டி வந்திருந்தார்.

வேதாசலத்துக்கு அறுபது வயதிருக்கும். கிடங்குக்குள் வந்ததும் முடிக் குவியலைப் பார்த்து மூக்கைப் பொத்தவில்லை. அதிலேயே எனக்குப் பாதி மரியாதை வந்துவிட்டது. பரந்தாமன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ஏழு மாதம் இதே கிடங்கில் காபி குடித்தவர்.

நைனா பெட்டியைத் திறக்கச் சொன்னார். வரிசையாகப் பத்தொன்பது. ஓரமாக இருபதாவதாக ஒன்று மட்டும், ஒன்றரை மடங்கு நீளத்தில், மலையாளத்து ஜமீன்தார் மாதிரிக் கிடந்தது.

"இவங்களுக்கு ஆராய்ச்சின்னா தெரியாது சார்" என்றார் பரந்தாமன். "புதுசா ஒண்ணு கொண்டுவந்தா நான் சந்தோஷப்படுவேன்னு, எங்கேயோ வாங்கி வெச்சுட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. அவங்க சூழ்நிலை அப்படி."

'அவனையும் குத்தம் சொல்ல முடியாது' என்று சொல்லிக்கொண்டே குற்றம் சொல்வது இருக்கிறதே, அதற்கு எங்கள் தெருவில் ஆயுசுக்கும் கடன் கிடைக்காது.

கன்னியம்மாள் யாரையும் கேட்காமல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கியாக எடுத்து அலகைச் சுற்றி விரலை ஓட்டினாள். பத்தொன்பதையும் பார்த்தாள். கடைசியில் பெரியதை எடுத்தாள். இரண்டு தரம் தடவினாள்.

"இது நம்ம மலைச் சரக்கே இல்லீங்க" என்றாள். "எல்லாத்துக்கும் வாயைச் சுத்தி மீசை குத்துது. பன்னி மயிராட்டம் வெறைப்பா. இதுக்கு ஒரு முடி இல்ல. மழுங்கச் செரைச்சாப்பல கெடக்குது. இதையும் அதையும் ஒரே கட்டுல எவன் போட்டான்?"

வேதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்க சொன்னதை எங்க ஆளுங்க கண்டுபிடிச்சு எழுத எத்தனையோ வருஷம் ஆச்சு. மத்த பக்கிக்கெல்லாம் வாயோரம் மீசை உண்டு. காதுப் பக்கியும் அதோட சொந்தக்காரங்களும் இருக்கே, அந்தக் கூட்டத்துக்கு மட்டும் கிடையாது. அதனாலதான் அதுகளைத் தனியா வெச்சாங்க. ஒரே குடும்பத்துல தனிக் கிளையா, இல்ல தனிக் குடும்பமேவான்னு அதுல வேற சண்டை."

"பாகப் பிரிவினைச் சண்டை பறவைக்குமா?" என்றார் நைனா.

பரந்தாமனுக்குத் திடீரென்று உயிர் வந்தது. "நானும் அதைத்தானே சார் எழுதினேன்! இது வேற வகைன்னு நான் சொல்லலியா? இந்தம்மா சொல்றது என்னோட அடையாளம் சரிங்கிறதுக்குத்தான் சாட்சி. எங்கே பிடிச்சதுங்கிறதுதான் கேள்வி. அதுக்கு இவன்தான் பதில் சொல்லணும்."

உண்மைதான். கன்னியம்மாள் வெட்டின குழியில் எங்கள் ஆளே விழுந்தான். எனக்கு வாயில் வந்த வார்த்தையை நைனா கண்ணாலேயே திருப்பி அனுப்பினார்.

"சார்," என்றான் பங்காரு, "மொத மொத தோலு எப்பிடி இருக்கணும்னு காட்ட, உங்க காலேஜு பீரோவுல இருந்து அஞ்சு எடுத்தாந்தீங்களே. பழசு. சீட்டு அறுந்து போனது. அதுல ஒண்ணா இருக்கும் சார் இது."

"அஞ்சையும் அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டேன்."

"நாலுதான் எடுத்துகினு போனீங்க."

"நீ பார்த்தியா?"

பங்காரு பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான். சீட்டு அறுந்த பழைய தோலுக்குத் திருத்தணிச் சீட்டைக் கட்டிய கை யாருடையது என்று கிடங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் பரந்தாமனுக்கே தெரியாது என்று நான் ஒப்புக்கொள்கிறேன், கைத்தவறுதான். பேப்பரில் பேர் வந்த பிறகு தெரியாது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"தயவுசெய்து இதை இத்தோட முடிச்சுக்கலாம்" என்று பரந்தாமன் எழுந்தார்.

பங்காரு அக்காளைப் பார்த்தான். பிறகு நைனாவைப் பார்த்தான்.

"பெரிய சார், வயித்தைப் பிரிச்சுப் பாருங்க" என்றான் வேதாசலத்திடம். "என்னுது பத்தொம்போதுலயும் பஞ்சு இருக்காது."

"பின்னே என்ன இருக்கும்?"

"முடி."

கன்னியம்மாள் சட்டென்று திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"வாரா வாரம் பஞ்சு எடுத்தாறேன்னு சொன்னாரு லெக்சரர் சார். ஒரு தபாகூட எடுத்தாரல. தோலு காஞ்சா வீணாப்பூடும். கூட்டித் தள்ளின துண்டு முடி மூலையில கெடந்தது. அதை எடுத்து அடைச்சேன். எல்லாத்துக்கும்."

இது எவ்வளவு பெரிய வாக்குமூலம் என்று மெட்ராஸ்காரர்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. எங்கள் கிடங்கில் தூசியும் சரக்கு. போன வருஷம் மணியம்மை என்கிற பெண் தன் சவுரிக்காக ஒரு பிடி முடி எடுத்து மடியில் கட்டினாள் என்று நைனா அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார், அழுதும் கேட்கவில்லை. சாவி வைத்திருப்பவள் கன்னியம்மாள். அவள் தம்பி எடுத்தான் என்றால் அவள் எடுத்த மாதிரி. அது போதாதென்று, சாமிக்கு இறக்கிய முடியைச் செத்த பறவையின் வயிற்றில் திணித்திருக்கிறான். கடிதம் வந்த நாளிலிருந்து பங்காரு இதைச் சொல்லாமல் இருந்தது எதற்கு என்று இப்போது புரிந்தது. தன் பேரைக் காப்பாற்றினால் அக்காள் சோறு போகும்.

கன்னியம்மாள் எழுந்து வந்தாள். இடுப்புச் சாவியை அவிழ்த்து நைனாவின் முன்னால் வைத்தாள். "எனக்குத் தெரியாது மொதலாளி" என்றாள். அவ்வளவுதான்.

நைனா சாவியைத் தொடவில்லை. "அதை அப்புறம் பேசிக்கலாம். டாக்டர் சார், பிரிங்க."

வேதாசலம் பையிலிருந்து சின்னக் கத்திரி எடுத்தார். பத்தொன்பதில் தன் இஷ்டத்துக்கு மூன்றைப் பொறுக்கித் தையலை வெட்டினார். மூன்றிலும் முடி. கறுப்பும் நரையும் கலந்த எங்கள் கிடங்கு முடி. கன்னியம்மாள் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "குட்டைத் தரம்" என்றாள், பழக்கத்தில்.

பிறகு பெரியதைப் பிரித்தார். மஞ்சளாகிப் போன பழைய பஞ்சு வந்தது. பஞ்சுக்கு நடுவில் கெட்டியாகச் சுருட்டிய காகிதம். அதை மெதுவாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து வட்டம் வட்டமாக இருந்தது. மலையாளப் பத்திரிகைத் துண்டு.

நைனா எட்டிப் பார்த்தார். "ஏம்பா பங்காரு, நம்ம கண்டிகைக் கரட்டுல பக்கிங்க மலையாளப் பேப்பர் வாங்கிப் படிக்குதா?"

வேதாசலம் சிரிக்கவில்லை. "பரந்தாமன்," என்றார், "இது நாப்பது வருஷத்துத் தோல். உங்க பீரோ சரக்கு."

சரக்கு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு மீதிப் பாதி மரியாதையும் வந்துவிட்டது.

பரந்தாமன் என்ன செய்திருக்க வேண்டும்? பங்காருவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மனுஷ முடியை அடைச்சா பூச்சி வெச்சிடும் சார். முறைப்படி பார்த்தா மொத்த கலெக்‌ஷனுமே கெட்டுப்போச்சு. இப்படிப்பட்ட ஆளை மியூசியத்துல எப்படி வைக்கிறது?"

பஞ்சு கொண்டுவராதவர் சொல்கிறார்! நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். நைனா என் வேட்டி முனையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் குரல் வெண்ணெய் போல இருந்தது. அந்தக் குரல் வந்தால் எதிராளி எதையோ இழக்கப் போகிறான் என்று அர்த்தம்.

"இருக்கட்டும் சார். பெட்டியை எடுத்துகினு போறீங்களா?"

"ஆமா, நாயுடுகாரு. இன்னிக்கே."

"தாராளமா. ஒரு சின்ன விஷயம். உங்க பறவைங்க வயித்துல இருக்கிறது என் முடி. ஏலத்துல நான் எடுத்தது. அதை எடுத்து என்கிட்ட குடுத்துட்டு, தோலை எடுத்துகினு போங்க."

பரந்தாமன் விழித்தார். முடியை உருவினால் ஏழு மாத ஆராய்ச்சி வெறும் தோல் குப்பை.

"இல்லைன்னா?"

"இல்லைன்னா முடி என் அன்பளிப்பு. காலேஜு பிரின்சிபாலுக்கு நீங்க ஒரு கடுதாசி எழுதுங்க. இங்கேயே. டாக்டர் சார் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

பரந்தாமன் எழுதினார். எங்கேயோ தவறு நேர்ந்துவிட்டதாகவும், வருந்துவதாகவும் எழுதினார். நைனா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"யாரு செஞ்ச தப்புன்னு இதுல பேரே இல்லியே சார்" என்றார். "பேரில்லாத பில்லை நான் வாங்கினதே கிடையாது."

இரண்டாவது கடிதத்தில் பங்காரு பேர் வந்தது, பரந்தாமன் பேர் வரவில்லை. அதையும் திருப்பினார். மூன்றாவதற்குள் இரண்டு தரம் டீ வந்து போயிற்று. பரந்தாமன் கடிகாரத்தைப் பார்த்தார், ரயில் நேரம். வியாபாரத்தில் கடிகாரம் பார்க்கிறவன் தோற்றவன். மூன்றாவது கடிதத்தில், 'சீட்டை மாற்றிக் கட்டியவன் நான், பங்காரு ஏமாற்றவில்லை, அவர்மேல் நான் சொன்ன புகார் பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேதாசலமும் போட்டு, கீழே தானாகவே ஒரு வரி சேர்த்தார்: 'தோல் தைப்பதில் இவருடைய கை, எனக்குத் தெரிந்த எந்த அட்டெண்டர் கையைவிடவும் சுத்தம்.'

சாவி சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்தது. கிடங்கு பூட்டுகிற நேரத்தில் நைனா, "யாரு பூட்டறது, நானா?" என்று கத்தினார். கன்னியம்மாள் எடுத்துப் பூட்டினாள். அப்புறம் பேசிக்கலாம் என்று சொன்னாரே, அந்த அப்புறம் வரவேயில்லை.

பதினைந்து நாளில் பிரின்சிபால் பதில் போட்டார். பங்காருவின் நியமனம் உறுதி; முதல் தேதி சேர வேண்டும்; லெக்சரர் பரந்தாமனின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. மெட்ராஸ் பேப்பரில் திருத்தமும் வரவில்லை.

"அந்த ஆளு கீழயா?" என்று நான் குதித்தேன். "போகாதே. வேற செக்‌ஷன் குடுக்கச் சொல்லி எழுதறேன்."

"ஏன் போகக் கூடாது?" என்றான் பங்காரு. "வேலை என்னுது. அந்தாளு கூட இருக்காருன்னு விட்டுடுவேனா?"

"மானம்னு ஒண்ணு இல்ல?"

"அதுக்குத்தான் கடுதாசி வாங்கியாச்சே, சின்ன மொதலாளி. மத்தது சோத்துக்குத்தான்."

முதல் தேதி காலையில் அவனை ரயிலேற்றப் போனோம். கன்னியம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்டேஷனில் நின்றவர்களை நேராக ஒவ்வொருவராகப் பார்த்தான். நான் பெட்டிக்குள் ஏறி எதிரில் உட்கார்ந்துகொண்டு, பேப்பருக்கு என்ன எழுத வேண்டும், பிரின்சிபாலிடம் என்ன கேட்க வேண்டும், பரந்தாமன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆங், ஆங்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன், கடைசியில் என் தோளைத் தொட்டான்.

"சின்ன மொதலாளி, வண்டி கெளம்பிடுச்சு. எறங்குங்க."